405-ஐ மடை திறந்து விடாதீர்கள்: முதல் பால்ம் படம் எடுப்பது எப்படி?

செல்லுக்குள் (உயிரணுவுக்குள்) இருக்கும் புரதங்களை ஒவ்வொன்றாக ஒளிரவிட்டு நுணுக்கமாகப் படம் எடுக்கும் மைக்ராஸ்கோப் முறைதான் பால்ம். முதன்முதலாக பால்ம் படம் எடுக்க உட்கார்ந்த அன்று 405 நானோமீட்டர் ஊதா லேசரை ஒரேயடியாக ஏற்றிவிட்டேன். இரண்டே நொடியில் செல் முழுக்கச் சிவப்பு வெள்ளம். தனிப்புள்ளி ஒன்றுகூடத் தெரியவில்லை. கோபிப் பக்கம் அப்புச்சி தோட்டத்தில் மடை திறந்து தண்ணி கட்டிப் பழகிய கை. இதற்கு வேண்டியதோ சொட்டுநீர்.

ராத்திரி சென்னிமலை மேலே நின்று கீழே பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு மோட்டார் ரூம் விளக்குகள் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும். ஒன்றை அணைத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால் இரண்டின் இடத்தையும் தனித்தனியே காட்டிவிடலாம். மைக்ராஸ்கோப்பிலும் இதே சிக்கல்தான். சுமார் 200 நானோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும் என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-இலேயே சொல்லிவிட்டார். புரதங்களை ஒவ்வொன்றாக ஒளிரவிட்டு, ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் குறித்துக்கொண்டே போவதுதான் 2006-இல் எரிக் பெட்சிக், ஹாரால்ட் ஹெஸ் குழுவினர் காட்டிய பால்ம் வழி.

1. புரதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ட்ரான்பா என்ற புரதம் 488 நானோமீட்டர் நீல ஒளியில் அணையும், 405 ஊதாவில் மறுபடி எரியும். வீட்டு சுவிட்ச் மாதிரி பலமுறை போட்டுப் போட்டு அணைக்கலாம். எம்இயோஸ் 3.2 வேறு ரகம். பிறக்கும்போது பச்சை. 405 பட்டதும் உள்ளே ஒளிரும் பகுதிக்குப் பக்கத்தில் புரதச் சங்கிலி ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் அருகே அறுபடுகிறது, இரட்டைப் பிணைப்புகளின் தொடர் நீள்கிறது, நிறம் சிவப்பாகிவிடுகிறது. திரும்பப் பச்சையாகாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பச்சையில் செல்லைத் தேடலாம், சிவப்பில் படம் எடுக்கலாம்.

2. செல்லைத் தயார் செய்யுங்கள்

4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் செல்லை நிலைப்படுத்துங்கள். மெத்தனால் வேண்டாம், அது புரதத்தின் மடிப்பையே குலைத்து ஒளியைக் குறைத்துவிடும். படம் எடுக்கும்போது சாம்பிள் மெல்ல நகர்வதைப் பின்னால் திருத்த, கவர்ஸ்லிப்பில் (செல் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடியில்) சில தங்கத் துகள்கள் இருக்கட்டும். அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள், ஜன்னல் வெளிச்சம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரதத்தைச் சிவப்பாக்கும்.

கையுறை கட்டாயம். மாசியில் ஊரில் மஞ்சள் வேகவைக்கக் கூடமாட இருந்துவிட்டு, திங்கட்கிழமை அப்படியே கவர்ஸ்லிப்பைத் தொட்டேன். பச்சை சேனலில் என் கைரேகைதான் ஜொலித்தது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் நீல ஒளியில் நன்றாகவே ஒளிரும்.

3. குறைந்த 488-இல் தேடுங்கள்

செல் கிடைத்ததும் 488-ஐ அணைத்துவிடுங்கள். ரசித்துக்கொண்டே இருந்தால் பச்சைப் புரதங்கள் வெளுத்துவிடும், அப்புறம் சிவப்பாக மாற ஆளே இருக்காது.

4. 561-ஐ மட்டும் போடுங்கள்

சிவப்பானவற்றை ஒளிரவைப்பது 561 நானோமீட்டர் லேசர். 405 இன்னும் சுழியத்திலேயே இருக்கட்டும். முன்பே சிவப்பாகிவிட்டவை மின்னி மின்னி அணையும். திரை ஏறக்குறைய இருளும் வரை காத்திருங்கள்.

5. இப்போது சொட்டுநீர்

கேமராவை ஒரு படத்துக்கு 30 மில்லிநொடி என்று வையுங்கள். 10,000 படம் எடுக்க 5 நிமிடம் ஆகும். இனி 405-ஐ மிகக் குறைந்த அளவில் திறங்கள். எண்ணைப் பார்க்காதீர்கள், திரையைப் பாருங்கள். ஒரு படத்தில் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் குறையுங்கள். திரை வெறிச்சோடினால் ஒரு இழை ஏற்றுங்கள். நேரம் போகப் போகப் பச்சை இருப்பு தீர்ந்துகொண்டே வரும், அதனால் அதே அளவு புள்ளிகள் வர 405-ஐ மெல்ல மெல்ல ஏற்ற வேண்டியிருக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. ஒட்டிக்கொண்ட இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, யாருமே இல்லாத இடத்தில், அது ஒரு புரதத்தை வைத்துவிடும்.

6. நடுப்புள்ளி கண்டுபிடியுங்கள்

ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில், புள்ளிகளின் நடுவைக் கண்டுபிடிக்கும் தண்டர்ஸ்டார்ம் செருகியைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். கேமராவின் பிக்சல் அளவைச் சரியாகக் கொடுங்கள். துல்லியத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. புள்ளியின் திட்ட விலக்கத்தை (அது எவ்வளவு பரந்து தெரிகிறது என்ற அளவை) அதிலிருந்து வந்த ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விலக்கம் 130 நானோமீட்டர், ஃபோட்டான் 400 என்றால் 6.5 நானோமீட்டர் வரும். பின்னணி வெளிச்சமும் பிக்சலும் சேர்ந்து அதை இன்னும் மோசமாக்கும், 6.5-ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள்.

7. கண்சிமிட்டலைக் கவனியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. சிவப்பான எம்இயோஸ் நேராக வெளுத்துப் போவதில்லை. கொஞ்ச நேரம் இருண்டு, அதே இடத்தில் மறுபடி எரியும். ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர்புரதத்தின் மஞ்சள் நிற வகைகளில் இந்தச் சிமிட்டலை விஞ்ஞானி மோர்னரின் குழு 1997-இலேயே தனி மூலக்கூறு அளவில் பார்த்துவிட்டது. 2014 வேதியியல் நோபல் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல் ஆகியோரோடு மோர்னருக்கும் போனது.

நம் சிக்கல் என்னவென்றால், ஒரே புரதம் மூன்று தடவை சிமிட்டினால் மென்பொருள் மூன்று புரதம் என்று எண்ணும். புரதங்கள் அங்கே கொத்தாக இருப்பதுபோல் பொய்த்தோற்றம் வரும். தண்டர்ஸ்டார்மில் இதற்கென்றே ஒன்றிணைக்கும் வசதி உண்டு. எவ்வளவு தூரத்துக்குள், எத்தனை இருட்டுப் படங்களுக்குள் திரும்பி வந்தால் ஒரே ஆள் என்று கொள்வது என நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த இருட்டு இடைவெளியைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். புரதங்கள் மிகமிகத் தள்ளித் தள்ளி இருக்கும் ஒரு சாம்பிளை அதே லேசர் அளவில் எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் இருண்டு திரும்புகிறது என்று அளந்து போடுங்கள்.

மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். 256-க்கு 256 பிக்சல், 16 பிட், 10,000 படம் சேர்ந்தாலும் 1.3 ஜிபிதான். இடைவெளியை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்க அவை வேண்டும்.