ஃபிஃபா தரவரிசை: படிக்கும்போது செய்யும் தவறுகள்

2022 டிசம்பரில் கால்பந்து உலகக் கோப்பை அர்ஜென்டினாவின் கையில். ஆனால் சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா அடுத்து வெளியிட்ட தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிரேசிலுக்கு, அதுவும் காலிறுதியோடு ஊர் திரும்பிய பிரேசிலுக்கு. "கணக்கே தப்பு" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கோப்பை வென்றால் முதலிடம் தானாக வரும் என்று நினைப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு.

2018 முதல் கணக்கு இப்படி: கிடைத்த முடிவிலிருந்து எதிர்பார்த்த முடிவைக் கழித்து, ஆட்டத்தின் எடையால் (அதன் முக்கியத்துவத்துக்கு ஏற்ற எண்) பெருக்கி, பழைய புள்ளியோடு சேர்க்க வேண்டும். வெற்றி 1, டிரா 0.5, தோல்வி 0. எதிர்பார்ப்பு இரு அணிகளின் புள்ளி இடைவெளியைப் பொறுத்தது. சமமான அணிகள் என்றால் 0.5.

அர்ஜென்டினா ஏறக்குறைய 1,774 புள்ளிகளோடு, 1,438 வைத்திருந்த சவுதி அரேபியாவைச் சந்தித்தது. எதிர்பார்ப்பு 0.78. உலகக் கோப்பைக் குழு ஆட்டத்தின் எடை 50. தோற்றதும் 39 புள்ளி போயிற்று. ஜெயித்திருந்தாலும் 11தான் வந்திருக்கும். பிறகு நெதர்லாந்தையும் பிரான்ஸையும் பெனால்டி ஷூட் அவுட்டில் வீழ்த்தியது. ஷூட் அவுட் வெற்றிக்கு 0.75தான். காலிறுதியிலிருந்து எடை 60 என்பதால் ஆட்டத்துக்கு 15 வீதம் 30 புள்ளி கைநழுவியது. குரோஷியாவிடம் ஷூட் அவுட்டில் தோற்ற பிரேசிலுக்கோ இழப்பே இல்லை: பெரிய தொடர்களின் நாக் அவுட் சுற்றில் புள்ளி குறைக்கப்படாது. கடைசியில் இரண்டுக்கும் இடைவெளி 3 புள்ளிகூட இல்லை. 2023 ஏப்ரலில்தான் அர்ஜென்டினா மேலே ஏறியது.

கோல் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். 7-0, 1-0 இரண்டும் ஒரே வெற்றிதான். சொந்த மண்ணா வெளிநாடா என்பதும் கணக்கில் வராது. இவ்விரண்டையும் சேர்ப்பது, ஃபிஃபா சாராத இன்னொரு தரவரிசையான எலோ பட்டியல். ஃபிஃபாவின் பெண்கள் தரவரிசையும் இவ்விரண்டையும் சேர்க்கும். ஆண்கள் சூத்திரத்தைப் பெண்கள் அணிக்குப் போட்டுப் பார்த்தால் விடை உதைக்கும்.

நட்பு ஆட்டங்களை நம்பி மேலே ஏற முடியாது. சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கிய நாட்களில் எடை 10, மற்ற நாட்களில் 5. சமபல எதிரியை வென்றால் முறையே 5, 2.5 புள்ளி. தகுதிச்சுற்றில் எடை 25. அதே வெற்றிக்கு 12.5.

"நட்பு ஆட்டம் ஆடினால் தரம் இறங்கும்" என்று இன்னும் சிலர் சொல்வது பழைய சூத்திரத்தின் எச்சம். 2006 முதல் 2018 வரை சராசரிக் கணக்கு. எடை குறைந்த ஆட்டங்கள் சராசரியை இழுத்துவிடும். போலந்து சுமார் ஓராண்டு நட்பு ஆட்டங்களைத் தவிர்த்து, அணிகளைக் குழுக்களாகப் பிரிக்கும் 2018 உலகக் கோப்பைக் குலுக்கலில் முதல் வரிசை அணியாக உட்கார்ந்தது. (குழுச் சுற்றிலேயே வெளியேறியது வேறு கதை.) 2014 உலகக் கோப்பையை நடத்தும் நாடு என்பதால் தகுதிச்சுற்று ஆடாத பிரேசில், 2013 ஜூனில் 22ஆம் இடத்துக்குச் சரிந்ததும் அந்தக் கணக்கால்தான். இன்று ஆடாமல் இருந்தால் புள்ளி அப்படியே நிற்கும்.

இதனால்தான் இந்தியாவின் 1996 பிப்ரவரி 94ஆம் இடத்தை இன்றைய இடத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அது வேறு படி, வேறு மரக்கால்.

இட எண்ணை மட்டும் பார்ப்பதும் வேண்டாம். நடுவரிசையில் அணிகள் நெருக்கியடித்து நிற்பதால், ஆடாத அணியும் இடம் மாறும், புள்ளியைப் பாருங்கள். குலுக்கலுக்கு எந்த மாதப் பட்டியல் என்பதையும் கவனிக்க வேண்டும்: 2018 உலகக் கோப்பைக்காக 2017 டிசம்பரில் நடந்த குலுக்கலுக்கு எடுத்தது அக்டோபர் பட்டியலை. நவம்பரில் ஜெயித்தவர்களுக்கு அங்கே பலன் இல்லை.