சார்ஜ் முடிந்தும் அணையாத சிவப்பு விளக்கு

பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த ஒரு 18650 லித்தியம் செல், ஒரு டிபி4056 சார்ஜிங் போர்டு, ஆறு வெள்ளை எல்இடி. இவற்றை வைத்து அம்மாவின் அறைக்கு ஓர் இரவு விளக்கு செய்தேன். விளக்கு நன்றாக எரிந்தது. ஆனால் சார்ஜ் போட்டால் போர்டில் சிவப்பு விளக்கு மட்டும்தான். எட்டு மணி நேரம் கழித்தும், சார்ஜ் முடிந்ததைக் காட்டும் நீலம் வரவில்லை.

செல் பழையது என்று நினைத்து வேறு செல் மாற்றினேன். அடாப்டரை மாற்றினேன். போர்டையே மாற்றினேன். மூன்று நாள் போனது.

நான்காம் நாள் மல்டிமீட்டரை வைத்தபோது செல்லில் 4.2 வோல்ட். அதாவது நிறைந்துவிட்டது, ஆனாலும் சிவப்பு! அப்போதுதான் எல்இடிகள் எடுக்கும் மின்னோட்டத்தை அளந்தேன்: 140 மில்லிஆம்பியர். போர்டில் உள்ள சார்ஜிங் சிப் 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டிருந்தால், அது கொடுக்கும் மின்னோட்டம் அதில் பத்தில் ஒரு பங்காக, 100 மில்லிஆம்பியராகக் குறைந்தால்தான் சார்ஜை நிறுத்தும். எல்இடிகளுக்கான மின்னோட்டத்தையும் சிப்பே கொடுத்துக்கொண்டிருந்ததால், அந்த அளவுக்கு அது இறங்கவே இல்லை. லித்தியம் செல்லை இப்படி 4.2 வோல்ட்டிலேயே பிடித்து வைத்தால் அதன் ஆயுளும் குறையும்.

போர்டின் அவுட் பிளஸ் முனைக்கும் எல்இடிக்கும் நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்தேன். இப்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் சார்ஜ் போடுகிறோம். முதல் முறையே நீலம் வந்தது, நிம்மதி. புதிய போர்டு வாங்கும் முன் லோடை (போர்டில் இணைத்த விளக்கு போன்றவற்றை) கழற்றிவிட்டு ஒருமுறை சார்ஜ் போட்டுப் பாருங்கள்.