தோட்டப்புற வீட்டில் வாட்ஸ்அப் அழைப்பு அறுபடாமல் இருக்க

பேராக், சுங்கை சிப்புட் டவுன் பெரிய சாலையில் நின்று பேசும்போது தெளிவாக இருக்கும் அழைப்பு, செம்பனைக்குள் இருக்கும் லயத்து வீட்டுக்குப் போனதும் "ஹலோ... கேக்குதா... ஹலோ" என்று ஆகிவிடுகிறது. உடனே எல்லாரும் சொல்வது "லைன் ஸ்லோ". பிறகு அதிக வேகமுள்ள பேக்கேஜுக்கு மாறுகிறார்கள். மாதம் இருபது முப்பது வெள்ளி கூடுதலாகப் போகிறது, அழைப்பு மட்டும் அப்படியே அறுபடுகிறது. குரல் அழைப்புக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை என்பதுதான் காரணம். அதற்கு வேண்டியது சீர்.

வாட்ஸ்அப், நம் ஆட்களில் பலர் புலனம் என்று சொல்வது, உங்கள் குரலைச் சிறு சிறு துண்டுகளாக்கி அனுப்புகிறது. இணையக் குரல் அழைப்புகளில் ஒரு துண்டு பொதுவாக 20 மில்லிவினாடி அளவு. அப்படியானால் வினாடிக்கு 50 துண்டுகள். பால்மரத்துக் கோப்பையில் சொட்டுவதுபோல் அவை ஒரே சீராக வந்து விழ வேண்டும். நேரம் கழித்து வரும் துண்டு வந்தும் பயனில்லை, செயலி அதை எறிந்துவிடும். அதனால்தான் யூடியூப் நன்றாக ஓடும் அதே கைப்பேசியில் அழைப்பு மட்டும் திக்குகிறது. யூடியூப் பல வினாடிகளுக்கான படத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது. நேருக்கு நேர் பேசும் பேச்சை அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. ஒருவர் பேசியது மற்றவருக்கு 150 மில்லிவினாடிக்குள் போய்ச் சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும். 400-ஐத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

வேகச் சோதனைச் செயலியில் பெரிய எழுத்தில் வரும் பதிவிறக்க எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். பிங் (துண்டு போய்த் திரும்பும் நேரம்), ஜிட்டர் (அந்த நேரத்தின் ஏற்ற இறக்கம்), லாஸ் (வழியில் தொலையும் துண்டுகள்) என்ற மூன்றைப் பாருங்கள். பிங் 100 மில்லிவினாடிக்குள், ஜிட்டர் 30 மில்லிவினாடிக்குள், லாஸ் 1 விழுக்காட்டுக்குள் இருந்தால் குரல் அழைப்பு நன்றாக ஓடும். பதிவேற்ற வேகம் 100 கேபிபிஎஸ் இருந்தாலே குரலுக்குப் போதும். படத்தோடு பேச ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ் வேண்டும். டேட்டா செலவும் அதே கணக்கில்தான். குரலுக்கு நிமிடத்துக்கு அரை மெகாபைட் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரம் பேசினால் 30 மெகாபைட் அளவு. படம் அதைப்போல் பல மடங்கு இழுக்கும்.

பழுது எந்தப் பக்கம்?

எதையும் மாற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள்.

1. வைஃபையில் இரண்டு நிமிடம் பேசுங்கள். வைஃபையை அணைத்து, சிம் டேட்டாவில் அதே ஆளிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். ஒன்றில் மட்டும் அறுந்தால் பழுது அந்தப் பாதையில்.

2. இரண்டிலும் அறுந்தால் வேறொருவரை அழையுங்கள். அவரோடு நன்றாக இருந்தால் பழுது முதல் ஆளின் பக்கம். ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ தங்கும் விடுதியில் பத்துப் பேர் ஒரே வைஃபையில் இருப்பார்கள். இங்கே அம்மா என்ன செய்தாலும் அது சரியாகாது.

3. எல்லாரிடமும் அறுந்தால் டெலிகிராம் போன்ற வேறொரு செயலியில் பேசிப் பாருங்கள். அதிலும் அப்படியே என்றால் கைப்பேசியையும் வீட்டையும் பார்க்க வேண்டும்.

கேட்கும் குறையே பழுதைக் காட்டிக்கொடுக்கும். குரல் இயந்திரம்போல் உடைந்து வந்தால் துண்டுகள் தொலைகின்றன. நேரம் கழித்து வந்தால், வீட்டில் யாரோ பெரிய வீடியோவைப் பதிவேற்றுகிறார்கள், அல்லது கைப்பேசி படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால் முதலில் செயலிக்கு மைக் அனுமதி இருக்கிறதா பாருங்கள். அடுத்து கைப்பேசியின் அடிப்பக்கத்து மைக் துளை. மண் தூசியும் உறையின் விளிம்பும் அதை அடைத்துவிடும். காய்ந்த மென்மையான பல் துலக்கியால் துடைத்தால் போதும், ஊசியால் குத்தக் கூடாது.

எதிரொலி விஷயத்தில் எல்லாரும் தவறு செய்கிறார்கள். உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டால் உங்கள் கைப்பேசியில் குறையில்லை. மறுமுனையில் ஸ்பீக்கர் சத்தம் அதன் மைக்குக்குள் திரும்பப் போகிறது. அவரை ஒலியைக் குறைக்கவோ இயர்போன் போடவோ சொல்லுங்கள்.

வீட்டுக்குள் சிக்னல்

தகரக் கூரை சிக்னலைத் திருப்பி அனுப்பிவிடும். சுற்றிலும் நிற்கும் செம்பனை ஓலை, அதிலும் மழையில் நனைந்த ஓலை, உயர்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். மழை நாளில் மட்டும் அழைப்பு கெடுவதற்கு இது முக்கியக் காரணம். கைப்பேசியின் மேல் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், அவை ஒவ்வொரு நிறுவனக் கைப்பேசியிலும் ஒவ்வொரு மாதிரி. எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்ற இடத்தில் டிபிஎம் அளவு இருக்கும். ஐபோனில் *3001#12345#* அழுத்தி அழைத்தால் சோதனைத் திரை வரும். 4ஜி-யில் −90 அல்லது அதைவிட நல்லது என்றால் கவலையில்லை. −105 வரை பேசலாம். −115-க்குக் கீழே போனால் அறுபடும். இதில் −85 என்பது −110-ஐவிட நல்லது என்பதை மறந்துவிட வேண்டாம்.

வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறியுங்கள். பின்கட்டுக்கும் முன் ஐந்தடி வராந்தாவுக்கும் எண்ணில் 15 வேறுபாடு வருவது சாதாரணம். நல்ல இடத்தில் ஒரு நாற்காலியும் சார்ஜரும் வைத்துவிட்டால் பாட்டியின் பிரச்சினையில் பாதி அன்றே தீர்ந்துவிடும். இதற்குச் செலவே இல்லை, ஆனால் பலரும் இதைச் செய்து பார்ப்பதில்லை.

5ஜி வந்துபோகும் இடங்களில் கைப்பேசி 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலிலும் ஒரு வெட்டு விழலாம். மொபைல் நெட்வொர்க் அமைப்பில் 4ஜி-யை மட்டும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் வோல்ட்டி (VoLTE, சாதாரண அழைப்பையும் 4ஜி வழியாகவே கொண்டுவருவது) என்ற ஒன்று இருக்கும், அதைத் திறந்து வையுங்கள். நம் மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. வோல்ட்டி இல்லாத கைப்பேசிக்குச் சாதாரண அழைப்பு வந்தால் அது 2ஜிக்கு இறங்கிவிடும், அந்த நேரம் இணையமும் கையைவிட்டுப் போகும். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கையில் "திடீர்னு கட்டாயிடுச்சு" என்பதில் சில, உண்மையில் நடுவே வந்த வேறோர் அழைப்புதான்.

வீட்டுக்குள் எங்குமே −110-ஐத் தாண்டவில்லை என்றால் வெளிப்புற ஏரியல் பொருத்தலாம். சிம் போடும் 4ஜி மோடத்தில் பின்பக்கம் ஏரியல் துளைகள் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ஏரியலைக் கூரைக்கு மேல் கம்பத்தில் ஏற்றிக் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்ப வேண்டும். கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு இழப்பு, பத்து மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மோடத்தின் திரையில் எண்ணைப் பார்த்தபடி ஒருவர் கீழே நிற்க, மற்றவர் மேலே பத்துப் பத்துப் பாகையாகத் திருப்ப வேண்டும். ஆனால் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை வாங்காதீர்கள். எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) அனுமதி இல்லாத பூஸ்டர் சட்டவிரோதம். அது கோபுரத்துக்கே இடைஞ்சல் செய்து மொத்த லயத்தின் அழைப்பையும் கெடுத்துவிடும்.

ஃபைபர் வந்திருக்கும் தாமான் வீட்டுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அங்கே வைஃபை காலிங் என்ற அமைப்பைத் திறந்தால், சிக்னல் இல்லாத அறையிலும் சாதாரண எண்ணுக்கு வரும் அழைப்பு வைஃபை வழியாக வரும். ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளிக்காமல் தோளுயரத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் தூரத்து அறைக்கு 2.4, பக்கத்து அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ். இடி இடிக்கும்போது அடாப்டரை மின்சாரத்திலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, மின்னலைக் கடத்தாது. மின்கம்பி கடத்தும்.

இன்னொன்று, வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது, வீட்டில் கரண்டு போனாலும் அது வேலை செய்தது. ஃபைபரோடு வரும் வீட்டுத் தொலைபேசி ரவுட்டர் வழியாக ஓடுகிறது. கரண்டு போனால் அதுவும் போய்விடும். வாட்ஸ்அப்பில் 999-ஐ அழைக்கவும் முடியாது. சார்ஜும் சிம்மும் உள்ள ஒரு கைப்பேசி எப்போதும் இருக்க வேண்டும். ரவுட்டருக்குச் சிறிய யுபிஎஸ் வாங்குவதானால் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். வோல்ட் மாறினால் ரவுட்டர் எரிந்துவிடக்கூடும்.

"அடிச்சேன், எடுக்கவே இல்ல"

பிள்ளைகள் அழைத்து, இங்கே மணியே அடிக்காமல் போவதுதான் மனத்தாங்கலில் முடிகிறது. பெற்றோர் மீது குற்றமில்லை. பேட்டரியைச் சேமிக்க வேண்டும் என்று கைப்பேசியே வாட்ஸ்அப்பைத் தூங்க வைத்துவிடுகிறது. ரெட்மி, ஓப்போ, விவோ கைப்பேசிகளில் ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய்க் கட்டுப்பாடு வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டோஸ்டார்ட் இருந்தால் திறந்துவிடுங்கள். சாம்சுங்கில் ஸ்லீப்பிங் ஆப்ஸ் பட்டியலிலிருந்து வாட்ஸ்அப்பை நீக்குங்கள். டேட்டா சேவர் அணைந்திருக்க வேண்டும். செய்த பின் கைப்பேசியை அரை மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டு வேறொரு கைப்பேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள். உடனே அழைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது, அப்போது செயலி இன்னும் தூங்கியிருக்காது.

சிக்னல் பலவீனமான வீட்டில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கம் போய், யூஸ் லெஸ் டேட்டா ஃபார் கால்ஸ் என்பதைத் திறந்து வையுங்கள். பிரீபெய்டு பாஸ் வாங்கும்போது அழைப்பும் அடங்குமா என்று படியுங்கள். செய்திக்கு மட்டுமான பாஸும் விற்கிறார்கள். சிம்மின் காலாவதித் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். எண் இறந்து வேறொருவருக்குப் போனால் அந்த எண்ணில் இருக்கும் வாட்ஸ்அப் கணக்கும் அவர் கைக்குப் போகக்கூடும்.

ஸ்கைப் போன பிறகு

2003-இல் தொடங்கிய ஸ்கைப்பை மைக்ரோசாஃப்ட் 2011-இல் 850 கோடி டாலருக்கு வாங்கியது, 2025 மே 5-ஆம் தேதி மூடியது. கணினியில் பேரப்பிள்ளையின் முகம் பார்த்துப் பழகிய தாத்தா பாட்டிகளுக்கு அது இழப்புதான். டீம்ஸுக்கு மாறச் சொன்னார்கள். அலுவலக வேலைக்காகச் செய்த செயலி அது, பழைய கைப்பேசியில் கனமாக ஓடும். வயதானவருக்கு வாட்ஸ்அப்பே நல்லது, 32 பேர் வரை ஒரே அழைப்பில் சேரலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் குடும்பக் கூட்டத்துக்கு கூகுள் மீட் சரி, மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் இலவசமாக 60 நிமிடம்தான். தமிழ்நாட்டு உறவினரின் வீட்டுத் தொலைபேசிக்கு அடிக்க ஸ்கைப் கிரெடிட் வைத்திருந்தவர்கள் வைபர் அவுட் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் அது முடியாது.

2025 ஜனவரி 1 முதல் மலேசியாவில் 80 லட்சம் பயனர்களுக்குக் குறையாத, வாட்ஸ்அப் போன்ற செய்தி அனுப்பும் செயலிகளுக்கு உரிமம் தேவை என்ற விதி வந்தது. உரிமம் வாங்க வேண்டியது நிறுவனம்தான். பயனரிடம் "உரிமம் பதிய வேண்டும், குறியீட்டைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் அது மோசடி. வாட்ஸ்அப் உங்கள் எண்ணுக்கு அனுப்பும் ஆறு இலக்கக் குறியீட்டை மகனே கேட்டாலும் முகம் பார்க்காமல் சொல்லக் கூடாது. போலீஸ், வங்கி என்று வீடியோவில் வந்து திரையைப் பகிரச் சொன்னால் உடனே துண்டியுங்கள். திரையைப் பகிர்ந்தால் வங்கிக் குறுஞ்செய்தி அவர்கள் கண்முன் வந்து நிற்கும். பிரைவசியில் கால்ஸ் பகுதிக்குள் தெரியாதவர் அழைப்பை அமைதியாக்கும் வசதி இருக்கிறது, பெரியவர்களின் கைப்பேசியில் அதைத் திறந்து வையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம், உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

எல்லாம் செய்தும் லயம் முழுவதும் −115-இலேயே இருந்தால் அது கோபுரப் பற்றாக்குறை. எம்சிஎம்சியிடம் புகார் செய்யுங்கள். "லைன் மோசம்" என்று எழுதினால் போதாது. என்பெர்ஃப் (nPerf) என்ற வேகச் சோதனைச் செயலியில் காலை, மாலை, இரவு என மூன்று நாள் சோதித்து அந்தப் படங்களை இணையுங்கள். தோட்டத்தின் பெயர், லயத்தின் இடம், வரைபடக் குறி, எந்த நிறுவனத்துச் சிம், எத்தனை வீடுகள் என்று எழுதுங்கள். இரண்டு மூன்று நிறுவனச் சிம்களில் எடுத்த அளவைத் தனித்தனியாகக் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியாகப் புகார் எண் வாங்கி ஒரு தாளில் சேர்த்து வையுங்கள், அடுத்த முறை விசாரிக்கும்போது அந்த எண்களைச் சொல்லிக் கேட்கலாம்.