டர்பனில் வீடோ நிலமோ வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் உங்கள் கல்யாணத்தைப் பாருங்கள், வீட்டை அப்புறம் பார்க்கலாம். நம் வீடுகளில் பத்திரம் யார் பேரிலோ சொத்து அவருக்கு என்றுதான் பேச்சு. தென்னாப்பிரிக்கச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தாலி கட்டும் முன்பே நோட்டரியிடம் ஒப்பந்தம் போடாமல் பதிவுத் திருமணம் செய்திருந்தால், கல்யாணத்துக்கு முன்பு வைத்திருந்ததும் பிறகு சேர்ந்ததும் பொதுவாக இருவருக்கும் பாதிப்பாதி, கடனும் அப்படியே. வீட்டை விற்க மனைவியின் எழுத்துச் சம்மதம் வேண்டும், பத்திரத்தில் அவர் பேரே இல்லாவிட்டாலும்.

கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவே செய்யவில்லையா? அப்போது இந்தப் பாதிப்பாதி கிடையாது. கணவர் உயில் எழுதாமல் இறந்த ஒரு வழக்கில், அப்படிப்பட்ட மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்று டர்பன் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, ஆனால் கோர்ட்டுக்கு அலைவதைவிட உயில் எழுதுவது மலிவு. உயில் இல்லாவிட்டால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. 'சீர் செய்தாச்சு' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடென்றால் முன்பணம் கொடுக்கும் முன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள்.

நகரைத் தாண்டி நிலம் மலிவாகக் கிடைத்தால், அது 1994இல் உருவான, சூலு மன்னர் பொறுப்பில் உள்ள இங்கொன்யாமா அறக்கட்டளையின் சுமார் 28 லட்சம் ஹெக்டேரில் சேர்ந்ததா என்று கேளுங்கள். சூலு மக்களின் வழக்கப்படி அது சமூகத்தின் நிலம், குடும்பத்துக்கு இருப்பது அனுபவ உரிமை. விற்பவர் கையில் உங்கள் பேருக்கு மாற்றித் தரப் பத்திரம் இருக்காது, அதனால் பணம் கைமாறும் முன் அந்தப் பகுதியின் பாரம்பரிய மன்றத்தை, அதாவது ஊர்த் தலைவரின் சபையை, போய்ப் பாருங்கள்.