குரல் போகாத பழைய சிபி செட்டைப் பழுதுபார்க்கும் முறை

மட்டக்களப்பின் கல்லடியில் எனது மேசைக்கு வரும் பழைய சிபி வானொலிச் செட்டுகளில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டுடன்தான் வருகின்றன: மற்றவர் பேசுவது கேட்கிறது, நாம் பேசினால் போவதில்லை. கொண்டுவருபவர் பல வேளைகளில் அலையைப் பெருக்கி அன்ரெனாவுக்குத் தள்ளும் இறுதிநிலை டிரான்சிஸ்டர் ஒன்றையும் வாங்கி வந்திருப்பார். அந்த டிரான்சிஸ்டரைக் கடைசியாகவே சந்தேகிக்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. உப்புக்காற்று ஓயாமல் வீசும் எங்கள் கரையில், அதற்கு முன்னால் கெட்டுப்போகக்கூடிய இடங்கள் பல உள்ளன.

சிபி என்பது 27 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் இயங்கும் குறுந்தூர வானொலி. நாற்பது அலைவரிசை கொண்ட செட்டுகள் 26.965 முதல் 27.405 மெகாஹேர்ட்ஸ் வரை வேலை செய்கின்றன. ஏஎம் (வீச்சுப் பண்பேற்ற) முறையில் அவற்றின் வெளியீடு 4 வாற்று. 1970களின் நடுப்பகுதி வரை வந்தவற்றில் 23 அலைவரிசைகளே இருந்தன. இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி ஒலிபரப்புக் கருவிகளுக்கு அனுமதிப்பத்திரம் தேவை. ஆகவே பழுதுபார்க்கும்போது அன்ரெனாவைப் பூட்டிச் சோதித்தல் கூடாது. அன்ரெனாவுக்குப் பதிலாக அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் 50 ஓம் போலிச்சுமை ஒன்றைப் பூட்டவேண்டும். சுமை எதுவுமின்றி மைக் பொத்தானை அழுத்தினால், நல்ல நிலையிலுள்ள டிரான்சிஸ்டரும் எரிந்துவிடலாம்.

போலிச்சுமையை நாமே செய்துகொள்ளலாம். 1 கிலோ ஓம், 1 வாற்று கார்பன் தடையிகள் இருபதைச் சமாந்தரமாக இணைத்தால் 50 ஓம், 20 வாற்று கிடைக்கும். கம்பி சுற்றிய தடையிகள் இந்த அதிர்வெண்ணில் சுருள்போல நடந்துகொள்வதால் அவை உதவா. சுமையின் உயிர்முனையிலிருந்து 1என்4148 டயோட் ஒன்றையும், அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 0.01 மைக்ரோபரட் கொண்டென்சர் ஒன்றையும் இணைத்து, கொண்டென்சரின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீற்றரை நேரோட்ட (டிசி) வோல்ற்று அளவில் வைத்தால், அதுவே வாற்றுமானியாகிவிடும். 4 வாற்று வெளியேறும்போது உச்ச மின்னழுத்தம் 20 வோல்ற்று என்பதால், டயோட் எடுத்துக்கொள்வது போக மீற்றர் ஏறத்தாழ 19 வோல்ற்றைக் காட்டும். மீற்றர் காட்டும் எண்ணுடன் 0.6ஐக் கூட்டி, வந்ததை அதனாலேயே பெருக்கி, நூறால் வகுத்தால் வாற்று வரும். இந்த அளவை மைக்கில் பேசாமலே எடுக்கவேண்டும்.

முதலில் மின்வழங்கலைப் பாருங்கள். இத்தகைய செட்டுகள் 13.8 வோல்ற்றுக்கென வடிவமைக்கப்பட்டவை. பற்றரியின் முனையில் அளந்து திருப்தியடையாமல், பொத்தானை அழுத்திய நிலையில் செட்டின் உள்ளே கம்பி சேரும் இடத்தில் அளக்கவேண்டும். வெளியே 12.6 இருக்க உள்ளே 10க்குக் கீழ் விழுந்தால், பியூஸ் கூட்டின் வெண்கலத் தகட்டில் பச்சை படிந்திருப்பதை அநேகமாகக் காண்பீர்கள். பூட்டியவுடன் பியூஸ் போனால், முனைகளை மாற்றிப் பூட்டியபோது செட்டைக் காப்பதற்காக உள்ளே வைத்துள்ள டயோட் குறுக்கே ஒட்டிக்கொண்டதா என்று பார்க்கவேண்டும். 2 அம்பியர் பியூஸுக்குப் பதிலாக யாரோ தடித்த கம்பி சுற்றியிருந்தால், டயோட்டுடன் பலகையின் செப்புக்கோடும் எரிந்திருக்கும்.

மூடியைத் திறந்ததும் எதையும் கழற்றாமல் நல்ல வெளிச்சத்தில் பலகையைச் சுற்றிப் பாருங்கள். மைக் குழி, குரலை அலையில் ஏற்றும் மொடுலேசன் டிரான்ஸ்போமரின் கால்கள், அன்ரெனாக் குழி ஆகிய பாரமான இடங்களில் ஈயப்பற்றைச் சுற்றி மெல்லிய வட்டமாக வெடிப்பு ஓடும். அத்தகைய பற்றுகளில் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கவேண்டும். உப்புப் படிவை ஐசோபுரோப்பைல் அற்ககோலும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவி, நன்றாக உலரவிட்ட பின்னரே மின் கொடுக்கவேண்டும். மார்கழி மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் நிற்பதால், ஒரு நாள் முழுவதும் மின்குமிழ் ஒன்றின் அருகே வைத்து உலர்த்துவது எனது வழக்கம்.

அடுத்து, செட்டில் என்ன கேட்கிறது என்பதைக் கவனமாகக் கேளுங்கள். அனுப்பும் பகுதியின் பாதிக் கதை அதிலேயே இருக்கிறது. பெரும்பாலான ஏஎம் செட்டுகளில் ஒலிபெருக்கியை இயக்கும் அதே சுற்றுத்தான் பேசும்போது மொடுலேசனையும் கொடுக்கிறது. வரும் குரல் தெளிவாகக் கேட்டால் அந்தச் சுற்றின் பெரும்பகுதி நலமாக உள்ளது. எல்லா அலைவரிசைகளிலும் கேட்டால், அதிர்வெண்ணை உருவாக்கும் பகுதியும் ஏறத்தாழச் சரி. 23 அலைவரிசைச் செட்டுகளில் பளிங்குகளை (கிறிஸ்ரல்களை) சோடி சேர்த்தே அதிர்வெண் உருவாகிறது. அவற்றில் 1 முதல் 4 வரை மட்டும் அனுப்பலும் கேட்டலும் சேர்ந்து போயிருந்தால் அந்த நான்குக்கும் பொதுவான பளிங்கு கெட்டது. 1, 5, 9, 13 என்று தாவித்தாவி அனுப்பல் மட்டும் போயிருந்தால் அனுப்பும் பகுதியின் நான்கு பளிங்குகளில் ஒன்று கெட்டது. எந்தெந்த எண்கள் இறந்தன என்று தாளில் எழுதிப் பார்த்தாலே, கருவியின்றிக் குற்றவாளியைப் பிடிக்கலாம். இந்தப் பழைய அமைப்பின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

கேட்டல் சரியென்றால், மின்வழங்கலுடன் தொடராக அம்பியர்மானியை வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். மின்னோட்டம் சற்றும் அதிகரிக்கவில்லையென்றால் மைக் வயரோ, பொத்தானின் தொடுகையோ, கேட்டலிலிருந்து அனுப்பலுக்கு மாற்றும் ரிலேயோ காரணம். மைக் வயர் செட்டுக்குள் நுழையும் இடத்திலும் கைப்பிடியின் கழுத்திலும்தான் பெரும்பாலும் அறும். ரிலேயின் தொடுகைகளை அரத்தாளால் தேய்க்காதீர்கள். அற்ககோலில் நனைத்த தடித்த தாளை இடையில் வைத்து இழுத்தாலே போதும். மின்னோட்டம் 1 அம்பியர் அளவுக்கு ஏறியும் சுமையில் எதுவும் வரவில்லையென்றால், இறுதிநிலைக்குப் பிந்திய வடிகட்டிச் சுருள்களையும் அன்ரெனாக் குழியையும் பாருங்கள். சிறிதளவே ஏறினால், மொடுலேசன் டிரான்ஸ்போமரின் வழியாக இறுதிநிலைக்கு 12 வோல்ற்று வருகிறதா என்று சுருளின் மின்வழங்கல் பக்கத்தில் அளக்கவேண்டும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ஒன்றான கலெக்டரிலேயே அளந்தால் அங்குள்ள வானொலி மின்சாரம் மீற்றரைக் குழப்பும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால் மாத்திரமே 2எஸ்சி2078 போன்ற இறுதிநிலை டிரான்சிஸ்டரைத் தொடவேண்டும். பலகையில் இருக்கும்போதே அதன் மற்ற இரு கால்களான பேஸுக்கும் (base) எமிற்றருக்கும் இடையில் அளந்து, பூச்சியத்துக்கு அருகில் வருவதைக் கண்டு அது எரிந்துவிட்டது என்று முடிவு செய்பவர்கள் அநேகர். அவ்விடத்தில் ஒரு சிறு சுருளோ குறைந்த தடையியோ தரைக்கு இணைந்திருப்பதால் அப்படித்தான் காட்டும். கழற்றி எடுத்து அளந்தால், நல்ல டிரான்சிஸ்டரில் பேஸிலிருந்து மற்ற இரண்டுக்கும் 0.6 வோல்ற்று அளவு காட்டும். கலெக்டருக்கும் எமிற்றருக்கும் இடையில் எதுவும் காட்டாது. புதியதைப் பூட்டும்போது மைக்காத் தகட்டை மறவாமல் இட்டு, இருபுறமும் வெப்பப்பசையை மெல்லப் பூசி, டிரான்சிஸ்டரின் உலோக முதுகுக்கும் செட்டின் உடலுக்கும் இடையில் குறுக்கிணைப்பு இல்லை என்று உறுதிசெய்த பின்னரே மின் கொடுக்கவேண்டும். சந்தையில் போலிகள் மிகுதி. நம்பகமான கடையில் வாங்குங்கள்.

மாற்றிய பின் சுருள்களின் நடுவே திருகுபோல இருக்கும் கருவைத் திருப்ப நேர்ந்தால், முதலில் பழைய நிலையைப் பேனாவால் குறித்துவையுங்கள். இரும்புத் திருகாணிமுடுக்கி கருவை உடைத்துவிடும், அளவையும் மாற்றிக் காட்டும். மூங்கில் குச்சியைச் சீவிப் பயன்படுத்தலாம். இறுதிநிலைக்கு அடுத்துள்ள சுருள்களை மட்டும், சுமையில் உச்ச அளவு வரும்வரை சிறிது சிறிதாகத் திருப்பவேண்டும்.

ஆரம்ப காலத்தில் ஒரே செட்டுக்கு இரண்டு டிரான்சிஸ்டர்களை மாற்றியும் அவை மீண்டும் எரிந்தன. குற்றம் செட்டில் இல்லை. அன்ரெனாக் கேபிளின் பிஎல்259 முனையில் உப்புநீர் இறங்கி, வலைக்கம்பி நடுக்கம்பியைத் தொட்டிருந்தது. அன்றிலிருந்து, அனுமதியுள்ளவரின் செட்டை அன்ரெனாவுடன் சேர்த்துக் கொடுக்கும் முன் அன்ரெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் அளவைப் பார்க்கிறேன். 1.5க்குக் கீழ் இருந்தால் நன்று, 2 வரை பொறுக்கலாம், 3ஐத் தொட்டால் பொத்தானை அழுத்தவே கூடாது. பழைய முனையை வெட்டி எறிந்து, கேபிளின் கறுத்த பகுதி முடிந்து செம்பு மினுங்கும் இடம் வரை குறைத்து, புதிய முனையை ஈயமிட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் நீர் புகாதவாறு கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.