நெஞ்சில் கோத்த நீர்: ஏடிஏ 68 என்று வந்தால் என்ன செய்வது?

நுரையீரலைச் சுற்றிக் கோத்து, ஊசி போட்டு எடுத்த நீர் வைக்கோல் நிறத்தில் இருக்கிறது. அதில் ஏடிஏ என்ற நொதி 68 என்று ரிப்போர்ட் வருகிறது. உடனே காசநோய் மருந்தை எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள், வரிசையாகப் பார்ப்போம். இது ஹவுஸ் சர்ஜன்களுக்கும் லேப் மாணவர்களுக்குமான பாடம். நோயாளிகள் தங்கள் ரிப்போர்ட்டை டாக்டரிடமே காட்டுங்கள்.

படி 1: ரத்தமும் எடுங்கள்

நீரை எடுக்கும் அன்றே ரத்தமும் எடுத்து, இரண்டிலும் புரதம், எல்டிஹெச் (செல் உடைந்தால் கசியும் நொதி) பார்க்கச் சொல்லுங்கள். பலர் மறப்பது இதைத்தான். எடுத்த சாம்பிளில் சிவப்பணு உடைந்திருந்தால் எல்டிஹெச் பொய்யாக ஏறிவிடும்.

படி 2: லைட் கணக்கு

1972-இல் ரிச்சர்ட் லைட் குழுவினர் தந்த விதி. நீரின் புரதத்தைச் சீரம் (ரத்தத்தின் தெளிந்த பகுதி) புரதத்தால் வகுத்தால் 0.5-க்கு மேல், எல்டிஹெச்சை அப்படியே வகுத்தால் 0.6-க்கு மேல், அல்லது நீரின் எல்டிஹெச், சீரத்துக்கான இயல்பு உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே எக்ஸுடேட், அதாவது தொற்று, அழற்சி போன்றவற்றால் கசிந்த நீர்.

பயிற்சிக்கு ஒன்று: நீரில் புரதம் 4.8, சீரத்தில் 7.0. வகுத்தால் 0.69. எல்டிஹெச் நீரில் 420, சீரத்தில் 210. வகுத்தால் 2. சந்தேகமே இல்லை, எக்ஸுடேட்.

இதயம் பலவீனமாகி, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இந்தக் கணக்கு ஏமாற்றும். சீரம் ஆல்புமினிலிருந்து நீரின் ஆல்புமினைக் கழியுங்கள். டெசிலிட்டருக்கு 1.2 கிராமுக்கு மேல் வந்தால் அது பெரும்பாலும் டிரான்சுடேட்தான், அதாவது அழற்சி இல்லாமல் அழுத்த மாற்றத்தால் கசிந்த நீர்.

படி 3: ஏடிஏவும் செல் கணக்கும்

அடினோசின் டிஅமினேஸ் என்பதன் சுருக்கம் ஏடிஏ. பரவலாகப் பின்பற்றும் எல்லை லிட்டருக்கு 40 யூனிட். ஆனால் இந்த எண்ணைத் தனியாகப் படிக்கவே படிக்காதீர்கள். பக்கத்தில் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு) 85 சதவீதம் என்றிருந்தால், காசநோய் மலிந்த நம் நாட்டில் 68 கனமான சாட்சி. நியூட்ரோபில் என்ற வேறு வகை வெள்ளணு மிகுந்து, நீரும் கலங்கலாக இருந்தால் அதே 68 சீழ் கோத்ததாலும் வரும். காசநோயின் முதல் சில நாட்களிலும் நியூட்ரோபில் மிகுந்திருக்கலாம் என்பதுதான் இதில் தலைவலி. ஏடிஏ 250-ஐத் தாண்டினால் சீழையும் லிம்போமாவையும் (நிணநீர்ப் புற்றுநோய்) நினையுங்கள். முடக்குவாதமும் ஏடிஏவை ஏற்றும்.

படி 4: அமைலேஸ்

இது மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி. எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டாம். கணையப் பிரச்சினை, உணவுக்குழாய்க் கிழிசல் என்று சந்தேகம் வந்தால் மட்டும் கேளுங்கள். உணவுக்குழாய் கிழிந்தால் நீரில் வருவது உமிழ்நீரின் அமைலேஸ். சில புற்றுநோய்களிலும் ஏறும்.

படி 5: கல்ச்சர்

காசநோய் நீரில் கிருமி கண்ணில் படுவது அரிது. ஏடிஏவுக்கு இவ்வளவு மவுசு வந்ததே அதனால்தான். ஆனாலும் நீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்புங்கள், தேவைப்பட்டால் நுரையீரல் உறையில் பயாப்சியும் (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கிருமிக்குக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்று ஏடிஏ ஒருபோதும் சொல்லாது.