பிரின்ஸ்டனுக்குக் குடிவருவோர் அறிய வேண்டியவை

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள பிரின்ஸ்டனில், நாஸோ தெருவில், பல்கலைக்கழகத்தின் முகப்பில் நிற்கிறது ஃபிட்ஸ்ராண்டால்ஃப் இரும்புக் கதவு. 1970 வரை அது பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. அந்த ஆண்டு பட்டம் பெற்ற மாணவர்களின் விருப்பப்படி நிரந்தரமாகத் திறந்து வைத்தார்கள். இன்று நீங்களும் உள்ளே போய், 1756-இல் எழும்பிய நாஸோ ஹாலின் படிகளில் உட்காரலாம். ஏனென்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் சற்றுத் தள்ளியிருக்கும் ஃபயர்ஸ்டோன் நூலகத்துக்குள் அட்டையில்லாமல் நுழைய முடியாது. இந்த ஊரில் எது எல்லோருக்கும் திறந்தது, எது காசோ அட்டையோ கேட்பது என்று பிரித்தறியப் பழகினால் பாதிச் சிரமம் குறையும்.

வீடு தேடும்போது முகவரியை மட்டும் நம்பாதீர்கள். பிரின்ஸ்டன் என்ற பெயரும் 08540 என்ற அஞ்சல் எண்ணும் பக்கத்து ஊர்களுக்குள்ளும் நீள்கின்றன. பிரின்ஸ்டன் ஜங்ஷனே வெஸ்ட் விண்ட்சரைச் சேர்ந்தது. பிள்ளை எந்தப் பள்ளியில் சேரும், எந்த நூலகத்தில் அட்டை இலவசம் என்பதெல்லாம் நகராட்சியைப் பொறுத்தவை. கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த வீட்டின் சொத்துவரி எந்த நகராட்சிக்குப் போகிறது?" ஊருக்குள் வாடகை கட்டுபடியாகாமல் பிளெய்ன்ஸ்பரோ, வெஸ்ட் விண்ட்சர் பக்கம் போகும் நம்மவர்கள் நிறையப் பேர். அதில் குறையொன்றும் இல்லை. இரண்டு ஊருக்கும் சேர்ந்த பள்ளி நிர்வாகம் நல்ல பெயருள்ளது.

சென்னைபோல் பத்து மாத அட்வான்ஸ் இங்கே கிடையாது. நியூஜெர்சி சட்டப்படி டெபாசிட் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது; வட்டி வரும் கணக்கில் தனியாக வைக்க வேண்டும்; காலி செய்த 30 நாளுக்குள், பிடித்தம் இருந்தால் கணக்கோடு, திருப்பித் தர வேண்டும். தகராறு வருவது பெரும்பாலும் பழைய கீறலையும் கறையையும் உங்கள் தலையில் கட்டும்போதுதான். சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்கும் முன், அடுப்பு, தரை, குளியலறை எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது சமையலறை. புதிதாக வந்தவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பல அடுக்ககங்களில் அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே தள்ளாது. வடிகட்டியில் இழுத்து மேல்துளை வழியாக வீட்டுக்குள்ளேயே விடும். விசிறியைப் போட்டு அந்தத் துளையருகே கையை வைத்துப் பாருங்கள். காற்று அடித்தால் உங்கள் வீடும் அப்படித்தான். அதனால் தாளிக்கும் முன்பே ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மின் அடுப்பின் சுருள் அணைத்த பிறகும் சில நிமிடம் கனன்றுகொண்டிருக்கும். கடுகு வெடித்து மிளகாய் நிறம் மாறியதும் அடுப்பை அணைத்தால் போதாது, கரண்டியைத் தூக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் மிளகாய் கருகி, அலாரம் அலறி, கட்டடமே தெருவில் நிற்கும். அலாரத்தைத் துணியால் மூடுவதும் பேட்டரியைக் கழற்றுவதும் உயிரோடு விளையாடுவது, ஒருபோதும் வேண்டாம்.

இங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரிலிருந்து கொண்டுவரும் 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கிரைண்டரைக் கொண்டுவராதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் 60 ஹெர்ட்ஸில் கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்கும். 110 வோல்ட் கிரைண்டர் இங்கேயே கிடைக்கிறது.

நாஸோ தெருக் கடைகள் பார்க்க அழகானவை, மாதச் சாமான் வாங்க ஏற்றவை அல்ல. அரிசி பருப்புக்கு எடிசன், ஐசெலின் பக்கம் ஓக் ட்ரீ ரோடு; மற்றதற்கு ரூட் 1 நெடுஞ்சாலைக் கடைகள். பை கையோடு இருக்கட்டும்: 2022 மே முதல் பெரிய மளிகைக் கடைகளில் பிளாஸ்டிக் பையும் கிடையாது, காகிதப் பையும் கிடையாது. விற்பனை வரி 6.625 சதவீதம், சமைக்காத உணவுப் பொருளுக்கும் துணிக்கும் வரியில்லை. ரூட் 1-இல் இடப்பக்கம் திரும்ப, பல இடங்களில் வலது ஓரமாகப் பிரியும் ஜக்ஹேண்டில் சாலையில் இறங்கிச் சுற்றி வர வேண்டும். இடது தடத்திலேயே காத்திருந்தால் திருப்பத்தை விட்டுவிடுவீர்கள்.

கார் இல்லாதவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஓட்டும் டைகர் டிரான்சிட் பேருந்து இலவசம். பல்கலைக்கழக அட்டை தேவையில்லை. டிங்கி என்று செல்லமாக அழைக்கும் குட்டி ரயில் 2.7 மைல் ஓடி பிரின்ஸ்டன் ஜங்ஷன் நிலையத்தில் விடும். அங்கிருந்து நியூயார்க் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்.

துணைக்கு வந்தவர்களின் தனிமையை இந்த ஊர் எளிதில் கவனிப்பதில்லை. மாணவ விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எஃப்-2 விசாவில் வேலை பார்க்க முடியாது, பகுதிநேரமாகப் படிக்கலாம். பரிமாற்றத் திட்டத்தில் வந்தவரின் துணைக்கான ஜே-2 என்றால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். வந்த வாரமே போடுங்கள். விதர்ஸ்பூன் தெருவிலுள்ள பொது நூலகத்தில் எவரும் போய் உட்காரலாம். உயராய்வு நிறுவனத்தை ஒட்டிய இன்ஸ்டிடியூட் காடும் கால்வாய்க்கரையும் அப்படியே. ஆனால் காட்டில் நடந்து வந்தால் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் பார்த்து மான் உண்ணியைத் தேடுங்கள்; லைம் நோய் அதனால்தான் வருகிறது. கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் விடாதீர்கள், சுடாதீர்கள்.

நூலகத்துக்கு வந்தால் அதே தெருவில் இன்னும் சிறிது தூரம் நடந்து பாருங்கள். 1898-இல் பாடகரும் நடிகருமான பால் ரோப்சன் பிறந்த விதர்ஸ்பூன்-ஜாக்சன் பகுதி அது, கருப்பின மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். ஊர் நடுவிலுள்ள பாமர் சதுக்கம் என்ற கடைவீதியைக் கட்டுவதற்காக அவர்களின் வீடுகளை அடியோடு பெயர்த்து பிர்ச் அவென்யூவுக்கு நகர்த்தினார்கள். பல்கலைக்கழகத்தின் வரிவிலக்கை எதிர்த்து ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு, 2016-இல் 1.8 கோடி டாலருக்கு மேற்பட்ட சமரசத்தில் முடிந்தது; அதில் ஒரு பங்கு இப்பகுதிக்கும் வந்தது. சதுக்கத்தின் காப்பிக் கடையிலிருந்து பிர்ச் அவென்யூ நடக்கும் தூரம்தான்.